தட்டினேன், கேட்டேன், சரி

அத்தியாயம் 4

மெக்கானிக் மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னார்.

"தட்டினேன். கேட்டேன். சரின்னு வந்துச்சு."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. விசாரணைக் குழுவிடமும் இதே பாட்டு, கம்பெனி வக்கீலிடமும் இதே பாட்டு. இப்போது தன் வீட்டு முன்னறையில், பாதி தைத்த பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவரைக் காப்பாற்றவே வந்திருக்கும் கறார் மேடத்திடமும் அதையேதான் ஒப்பித்தார்.

மேடம் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்யைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வுக்குப் பிறகு தனியாகத் துப்பறிகிறார். அவருக்கு உதவியாள் வாலு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாததால் சம்பாதித்த பெயர் இது.

விஷயம் சின்னதாக இருந்தால் வாலு ரசித்திருப்பான். இது அப்படியில்லை. போன வாரம் ஒரு ஹெலிகாப்டர், கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வால் விசிறியின் பிளேடு ஒன்று பிய்ந்து, பம்பரமாகச் சுற்றி ஒரு காலி மைதானத்தில் விழுந்தது. உள்ளே பைலட் மட்டும்தான். உயிர் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்புமா என்று டாக்டர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்தப் பைலட் வேறு யாருமில்லை, மெக்கானிக்கின் மனைவியுடைய கூடப்பிறந்த தம்பி.

குறிப்பிட்ட நேரம் பறந்ததும் வால் பிளேடுகளைச் சோதித்தே ஆக வேண்டும், அது கட்டாயம். அன்று காலை அந்தச் சோதனையைச் செய்து கையெழுத்துப் போட்டவர் இந்த மெக்கானிக்தான். செய்யாமலே போட்டார் என்கிறது கம்பெனி. நாளை காலை குழுவும் அதையே முடிவென்று சொல்லிவிட்டால் அடுத்து போலீஸ், கோர்ட், ஜெயில்.

"அண்ணே," என்று வாலு அவர் எதிரில் குனிந்தான். "உங்க ஹெலிகாப்டருக்கும் எனக்கும் ஒரு ஒத்துமை இருக்கு. ரெண்டு பேருக்கும் வாலை வெச்சுத்தான் பொழப்பு."

மெக்கானிக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை துக்கத்திலும் உதட்டோரம் லேசாக இளகியது. வாலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எதால தட்டுவீங்க?" என்று மேடம் கேட்டார்.

"காசுதான் மேடம். கனமான காசு ஒண்ணு. பிளேடு பார்க்க ஒரே தகடு மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு தகட்டுக்கு நடுவுல தேன்கூடு மாதிரி ஒரு அடைப்பு வெச்சு ஒட்டியிருப்பாங்க. ஒட்டு நல்லா இருந்தா டிங்குனு சத்தம் வரும். உள்ள விட்டுப் போயிருந்தா டொக்குனு வரும். கண்ணால பார்த்தா தெரியாது."

தொழிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனிதர் மடைதிறந்தாற்போல் பேசினார். நாணயத்தை எடுக்க எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சுவர் ஆணியில் கைவைத்தார்.

"பார்த்துண்ணே, காசைக் கண்ணுல காட்டினா மேடம் ஃபீஸ்ல சேர்த்துக்குவாங்க," என்றான் வாலு.

மெக்கானிக் திரும்பவே இல்லை. அங்கே தொங்கிய சாவிக்கொத்திலிருந்து காசைக் கழற்றுவதிலேயே குறியாக இருந்தார்.

"காப்பி ஆறுது தம்பி, குடிங்க," என்று அவர் மனைவி அவசரமாக டம்ளரை நீட்டினாள். தையல்தான் அவளுக்குத் தொழில். ஒரு வாரமாக மிஷினில் உட்காரவில்லை என்பது துணிகள் கிடந்த கிடப்பிலேயே தெரிந்தது.

வாலு விடுவதாக இல்லை. டம்ளரை வாயில் வைத்தபடியே, "என்னையும் வீட்டுல பிளேடுன்னுதான் சொல்லுவாங்க. நான் பேச ஆரம்பிச்சா கேக்குறவங்களுக்குத் தலை சுத்தும்," என்றான். எதிரிலேயே நின்ற மெக்கானிக் அவனைப் பார்த்துச் சும்மா தலையாட்டினார். அவர் மனைவிதான் சிரிக்க வேண்டுமே என்று சிரித்தாள்.

மேடம் நாணயத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வருஷக்கணக்கில் தட்டித் தட்டி ஒரு பக்க விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. அந்த மழுங்கலில் ஈஷியிருந்தது கொஞ்சம் மஞ்சள். நகத்தால் சுரண்டியதும் சுருண்டு வந்தது.

"இது என்ன?"

"பெயிண்ட். பிளேடு நுனியில மஞ்சள் பட்டை இருக்கும். சுத்தும்போது ஆளுங்க கண்ணுல படணும்ல. மங்கிப் போச்சுன்னு பெயிண்டர் வந்து புதுசா அடிச்சாரு."

"எப்போ?"

"விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம்."

வாலு டம்ளரைக் கீழே வைத்தான். மஞ்சள் ஈரம் காய்வதற்குள் காசில் ஒட்டியிருக்கிறது என்றால், பெயிண்ட் அடித்த பிறகு இந்தக் காசு அந்த பிளேடைத் தொட்டிருக்கிறது. பெயிண்ட் அடித்தது சாயங்காலம். ஹெலிகாப்டர் விழுந்தது மறுநாள் காலை. நடுவில் நடந்தது ஒரே ஒரு சோதனை.

"தட்டியிருக்காரு," என்றான் வாலு. "மேடம், கேஸ் முடிஞ்சுது."

மெக்கானிக்கின் மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மேடம் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அவரிடம் கேட்டுக்கொண்டு காசைத் தன் பைக்குள் போட்டார்.

*

ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கரின் மேனேஜர், சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருந்தவர், மரியாதையாகத்தான் வரவேற்றார். உடைந்த பிளேடின் மிச்சம் நீள மேஜையில் கிடந்தது.

"தட்டிப் பாருங்க. ஆனா நகர்த்தாதீங்க."

வாலு காசால் தட்டிக்கொண்டே போனான். டிங். டிங். டிங். முறிந்த இடத்தை நெருங்கியதும் டொக். அவன் கையை இழுத்துக்கொண்டான். காசுக்கும் பிளேடுக்கும் அறிமுகமே இல்லாத அவனுக்கே பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தீங்களா," என்றார் மேனேஜர். "ஒட்டு ஒரே நாள்ல விடாது. அன்னைக்குக் காலையிலயும் இப்படித்தான் இருந்திருக்கும். தட்டியிருந்தா செவிடனுக்குக்கூடக் கேட்டிருக்கும் மேடம்."

மேடம் காசின் மஞ்சள் விளிம்பை மட்டும் காட்டினார். மேனேஜர் அதைப் பார்த்தார், பெயிண்டரைத் தேடிப் போய்க் கேட்டார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாலு எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லை.

"அப்ப தட்டியிருக்கான். டொக்குனு கேட்டிருக்கு. கேட்டுட்டும் கையெழுத்துப் போட்டு மச்சானை மேல அனுப்பியிருக்கான்." குரலைத் தாழ்த்தினார். "முந்தின நாள் சாயங்காலம் ரெண்டு பேருக்கும் இங்கேயே பெரிய சண்டையாம். பெயிண்டர் பார்த்திருக்கான். என்ன சண்டைன்னு நான் அவனைக் கேட்டதுக்கு, 'இனிமே என்னால முடியாது, ஆபீஸ்ல சொல்லிடுவேன்'னு மச்சான் கத்தினானாம். இது இனிமே கவனக்குறைவு இல்ல மேடம். வேற பேரு."

அந்த வேறு பேரை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. காப்பாற்ற வந்த சாட்சியே கழுத்துக்குக் கயிறாகிவிட்டது.

"காலையில சோதனை நேரத்துல வேற யாரு இருப்பா?" என்று மேடம் கேட்டார்.

"அவங்க ரெண்டு பேரும்தான். மாமன் தட்டுவான், மச்சான் பக்கத்துல நிப்பான். எப்பவும் அப்படித்தான். பைலட் எதுக்கு நிக்கணும்னு நான்கூடக் கேட்டிருக்கேன். பாசம்னு நெனச்சேன்."

*

காரில் ஏறியதும் வாலு பொரிந்து தள்ளினான். "அந்த ஆளு அப்படிச் செய்யற ஆளே இல்ல மேடம். என் ஜோக்குக்குச் சிரிச்சாரு."

"எல்லாத்துக்குமா?"

"முதல் ஜோக்குக்கு. அடுத்ததுக்கு மூஞ்சியைக்கூடத் திருப்பல. பிளேடு ஜோக்குக்குச் சும்மா தலையாட்டினாரு. மேடம், அதுதான் மூணுலயும் நல்ல ஜோக்கு. எனக்கே வருத்தமாயிடுச்சு."

மேடம் வண்டியைக் கிளப்பாமல் சாவியில் கையை வைத்தபடி இருந்தார். "முதல் ஜோக்கை எங்க நின்னு சொன்ன?"

"எதிர்ல. முகத்துக்கு நேரா."

"ரெண்டாவது?"

"அவரு ஆணிக்கிட்ட திரும்பி நின்னாரு. முதுகுக்குப் பின்னால." வாலுவின் குரல் மெதுவானது. "மூணாவது... டம்ளரை வாயில வெச்சிருந்தேன்."

"உன் வாய் தெரிஞ்சப்ப சிரிச்சாரு. தெரியாதப்ப சிரிக்கல."

வாலுவுக்கு அந்த அவசரக் காப்பி ஞாபகத்துக்கு வந்தது. அந்த அக்காவுக்குத் தெரியும். கணவரின் காது போய்விட்டது என்று தெரிந்தேதான் இவர்களை அழைத்திருக்கிறாள். தட்டினார் என்று மட்டும் நிரூபித்தால் போதும், காது விஷயம் வெளியே வராது என்று நம்பியிருக்கிறாள். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றான். "அவருக்கு டொக்கும் கேக்காது, டிங்கும் கேக்காது. அப்புறம் எதுக்குத் 'தட்டினேன், கேட்டேன்'னு பொய் சொல்றாரு? பொய் சொல்ற மூஞ்சியா அது? என்ன ஊரு இது. தட்டிக் கேக்க ஒரு ஆளில்ல."

வழக்கமாக இந்த மாதிரி கடிக்கு மேடத்திடமிருந்து ஒரு முறைப்பு வரும். இன்று அவர் அவனையே உற்றுப் பார்த்தார்.

"மறுபடி சொல்லு."

"தட்டிக் கேக்க ஆளில்லன்னேன். விடுங்க மேடம், பழைய ஜோக்கு."

"கேட்டேன்னு அவரு சொன்னாரே. காதால கேட்டாரா, வாயால கேட்டாரா?"

வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக ஆளாளுக்கு அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். குழு கேட்டது, வக்கீல் கேட்டார், இவனும் கேட்டான். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தட்டினேன். பக்கத்தில் நின்றவனைக் கேட்டேன். 'சரி' என்று பதில் வந்தது. அந்த மனிதர் ஆரம்பத்திலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரைக் கேட்டேன் என்பதை மட்டும் மென்று விழுங்கிவிட்டார். அதைச் சொன்னால் முதுகு ஒடிந்து கிடப்பவன் தலையில் பழி விழுமே.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றார் மேடம். "அந்த அம்மாவுக்குப் போன் போட்டு ரெண்டு பேரையும் வரச் சொல்லு."

*

பைலட்டின் கழுத்தைப் பட்டை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கண்களை மட்டும்தான் திருப்ப முடிந்தது. நேற்றுத்தான் தெளிவாகப் பேச ஆரம்பித்திருந்தான். மெக்கானிக் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தினமும் அப்படித்தானாம். மனைவி தண்ணீர் பிடித்து வரப் போயிருந்தாள்.

"மாமா காது விஷயம் எங்களுக்குத் தெரியும்," என்று மேடம் நேராக ஆரம்பித்தார்.

பைலட் கண்ணை மூடித் திறந்தான். மறைக்கத் தெம்பில்லை.

"நான்தான் மேடம் அவரு காது. அவரு தட்டுவாரு, நான் கேப்பேன். டொக்குனு வந்தா கையைத் தூக்குவேன். முடிஞ்சதும் என்னைப் பார்த்து, 'என்ன மாப்ள?'ம்பாரு. நான் சரி சொன்னாத்தான் கையெழுத்து. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. ஆனா நான் லீவுல போனா, வேற பைலட் வந்தா என்ன ஆகும்? அந்தப் பயத்துல தூக்கமே போச்சு. அதான் முந்தின நாள் சண்டை. நீங்களே ஆபீஸ்ல சொல்லிடுங்க மாமா, இல்ல நான் சொல்லிடுவேன்னேன்."

"மறுநாள் காலையில டொக்குனு வந்துச்சே. ஏன் சரின்னீங்க?"

"நான் சொல்லலையே."

வாலு மேடத்தைப் பார்த்தான். மேடம் பைலட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கேக்கவே இல்ல மேடம். போன்ல பேசிட்டு இருந்தேன். அவரு தட்டினது தெரியும், ஆனா காதுல ஏறல. நான்தான் இனிமே முடியாதுன்னுட்டேனே, வேற யாரையோ வெச்சுப் பார்த்திருப்பாரு, இது சும்மா கடைசியா ஒரு தட்டுனு நெனச்சேன். நான் போனை முடிக்கறப்ப அவரு கட்டை விரலைக் காட்டினாரு. ஏறிட்டேன்."

"போன் கையில இருந்துச்சா?"

"பாக்கெட்டுல. காதுல சின்னதா மாட்டுவோமே, அதுல பேசினேன். இந்தப் பக்கக் காது, அவருக்குத் தெரியாத பக்கம்."

"நின்னது?"

"வழக்கமா நிக்கற இடம்தான். கால் தானாப் போயிடுதே."

"போன்ல கடைசியா என்ன சொன்னீங்க?"

பைலட் பதில் சொல்ல வாயெடுத்தான். சொல் வெளியே வரவில்லை. உதடு மட்டும் 'சரி' என்று அசைந்து நின்றது. அதைப் பார்த்ததுமே வாலுவுக்குப் புரிந்துவிட்டது. வாயை மட்டுமே பார்த்து வாழ்கிற ஒரு மனிதர், வழக்கமான இடத்தில் வழக்கமாக நிற்கிற மச்சானைப் பார்த்து, 'என்ன மாப்ள?' என்று கேட்டிருக்கிறார். மச்சான் மனசு மாறி வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டுமிருப்பார். கை உயரவில்லை. வாய் சொல்லிற்று. அவருக்கு அது போதும்.

"ஐயோ மாமா," என்றான் பைலட். கண்ணிலிருந்து வழிந்தது காதை நோக்கி ஓடியது, கட்டுப் போட்ட கைகளைத் தூக்கித் துடைக்க முடியவில்லை. வாலு துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான்.

"யாரோட பேசிட்டு இருந்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"அது எதுக்கு மேடம். அது முக்கியமில்ல."

"நாளைக்குக் குழு கேக்கும்."

"என்கூடத்தான்."

வாசல் திரைக்குப் பக்கத்தில் மெக்கானிக்கின் மனைவி நின்றாள். கையில் தண்ணீர் பாட்டில். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான்தான் கூப்பிட்டேன். ராத்திரி முழுக்க அவரு தூங்கல. காலையில சாப்பிடாம போயிட்டாரு. மனசு கேக்கல." நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "ஆபீஸ்ல சொல்லிடாதடான்னு கெஞ்சினேன். அந்த வேலையை விட்டா அவருக்கு வேற எதுவும் தெரியாது, மாமா உடைஞ்சு போயிடுவாரு, இன்னும் கொஞ்ச நாள் நீயே கேட்டுச் சொல்லுடான்னேன். இவன் முடியாது முடியாதுன்னான். நான் விடல. அழுதேன். கடைசியில, 'சரி, சரி'ன்னான்."

தம்பி, "அக்கா, விடு," என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

"மேடம், இதை நாளைக்குச் சொன்னா அவரை விட்டுடுவாங்களா?"

"கொலை முயற்சிங்கற குத்தம் வராது. காதை மறைச்சதுக்கு வேலையும் லைசென்சும் போகும். வழக்கும் வரலாம். ஆனா தட்டாம ஏமாத்தினாரு, தெரிஞ்சே அனுப்பினாருங்கற பேரு போயிடும்."

"இவனுக்கு?"

"மறைக்கறதுக்கு உடந்தை. இவரு லைசென்சும் போகும்."

பைலட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் இருந்தாலும் இனிமேல் யாருக்கு என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை.

"எனக்கு?"

மேடம் யாரிடமும் பூசி மெழுகுகிறவர் இல்லை. இப்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டார். "அக்கா தம்பிக்குப் போன் பண்றது குத்தமில்லம்மா. உங்க மேல சட்டத்துல ஒண்ணும் இல்ல."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பாட்டிலை மேஜையில் வைத்தாள், தம்பியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "மூணு பேருல எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வாலுவும் பின்னாலேயே போனான். எதற்கென்று அவனுக்கே தெரியாது. சொல்ல ஒரு வார்த்தை கைவசம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஒன்றும் அகப்படவில்லை. கேஸ் ஜெயித்துவிட்டது. இவ்வளவு மோசமாக ஒரு கேஸ் ஜெயித்து அவன் பார்த்ததில்லை.

மெக்கானிக் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். மருந்து வண்டி கடகடவென்று பக்கத்தில் போனது, அவர் நிமிரவில்லை. மனைவி அவருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, தன் முகம் அவர் கண்ணில் படும்படி நிமிர்ந்தாள். இத்தனை நாளும் அவள் அவரிடம் இப்படித்தான் பேசியிருக்க வேண்டும்.

அவள் சொன்னாள். அன்று காலை போனில் இருந்தது தான்தான் என்று, அந்தச் 'சரி' தனக்குச் சொன்னது என்று, எல்லாவற்றையும் சொன்னாள். வாலுவுக்கு அவள் முதுகும் அவர் முகமும்தான் தெரிந்தன. அவர் கண்கள் அவள் வாயை விட்டு அசையவில்லை. கேட்டுவிட்டு அழுவார் என்று நினைத்தான், எழுந்து போய்விடுவார் என்று நினைத்தான், கை ஓங்குவாரோ என்றுகூட நினைத்தான்.

அவர் அவள் தோளைத் தொட்டார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாததால் நடைபாதை முழுவதும் கேட்டது.

"உன் உதடு நடுங்குதும்மா. ஒண்ணும் புரியல. இன்னொரு தடவை சொல்லு."

அவள் இரண்டு கைகளாலும் தன் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.